நீண்ட நிழல்களின் அழகு: வானிலிருந்து ஓர் அரண்மனை

பழைய அரண்மனைகளை வானிலிருந்து படம்பிடித்து, அப்படங்களை ஆளுயரத்துக்கு அச்சிட்டு, சுவரில் மாட்டும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. வீட்டுக் கூடங்களிலும் விடுதிகளின் வரவேற்பறைகளிலும் நிறுவனங்களின் கூட்ட அறைகளிலும் இவற்றை நாம் காண்கிறோம். கேன்வாஸ் துணியிலும் அக்ரிலிக் பலகையிலும் அச்சாகி வரும் இப்படங்கள் ‘நவீனச் சுவர்க் கலை’ என்னும் பெயரில் விற்பனையாகின்றன. அரசரின் உருவம் இவற்றில் இருப்பதில்லை, போர்க்காட்சியும் இல்லை. கோடுகள், சதுரங்கள், பசும்புல்வெளி, மதில்களின் ஓரம் விழுந்து கிடக்கும் நீண்ட நிழல்கள் ஆகியவையே உள்ளன. ஆகவே இவை எந்த அரசியலும் அற்ற தூய அழகு என்று கருதப்படுகின்றன.

இக்கருத்து சரிதானா என்பதை ஓர் அரண்மனையை முன்வைத்து ஆராய விரும்புகிறோம். மராட்டிய மாநிலம் புனே நகரிலுள்ள சனிவார் வாடா, பேஷ்வாக்களின் ஆட்சிபீடமாக விளங்கியது. பேஷ்வாக்கள் பெயரளவில் சத்ரபதியின் முதன்மை அமைச்சர்கள். நடைமுறையில் 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மராட்டியப் பேரரசின் ஆட்சி இவ்வரண்மனையிலிருந்தே நடந்தது. இதை வானிலிருந்து எடுக்கும் படத்துக்கு அழகைத் தருவது எது என்று கேட்டுக்கொண்டு போனால், சாதியின் வரலாற்றில் மிகக் கொடிய ஓர் ஒழுங்குமுறையின் வாசலில் வந்து நிற்கிறோம்.

மேலிருந்து பார்க்கும் கலை

வான்வழி ஒளிப்படக்கலைக்கு ஏறத்தாழ 170 ஆண்டு வரலாறு உண்டு. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் நாதார் 1858இல் பாரிசு நகருக்கு அருகே பலூனில் ஏறி நிலத்தைப் படம்பிடித்தார். அப்படங்கள் இன்று கிடைக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் 1860இல் பலூனிலிருந்து எடுத்த படமே எஞ்சியுள்ளவற்றுள் பழமையானது. முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழிகளைக் கண்டறிய இக்கலை பெருமளவில் பயன்பட்டது. போருக்குப்பின் அதே நுட்பத்தைத் தொல்லியலாளர்கள் கைக்கொண்டார்கள். அவர்களுள் முன்னோடியான இங்கிலாந்தின் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, அலெக்சாண்டர் கெய்லருடன் இணைந்து 1928இல் வெளியிட்ட வான்படத் தொகுப்பு இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

தொல்லியலாளர்கள் கண்டறிந்த ஓர் உண்மை நம் பொருளுக்கு இன்றியமையாதது. நேர் மேலிருந்து பார்க்கும்போது உயரம் தெரிவதில்லை. பத்தடி மதிலும் நிலத்தில் இழுத்த சுண்ணாம்புக் கோடும் ஒன்றுபோலவே தோன்றும். உச்சிவெயிலில் எடுத்த வான்படம் வரைபடத்தைப் போலத் தட்டையாகக் காட்சியளிப்பது இதனால்தான். உயரத்தைச் சொல்லும் ஒரே சாட்சி நிழல். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் மண்ணில் ஓரடி மேடு இருந்தாலும் அதன் நிழல் பல அடி நீண்டு விழும். நடந்து போகிறவர் கண்ணுக்குப் புலப்படாத, புதைந்துபோன மதிலின் தடமும் பழைய வரப்பும் அந்நேரத்தில் வானிலிருந்து தெளிவாகத் தெரியும். இவ்வாறு வெளிப்படும் இடங்களைத் தொல்லியலாளர்கள் நிழல் தடங்கள் என்றே வகைப்படுத்துகிறார்கள்.

இன்று ட்ரோனை இயக்கும் ஒளிப்படக் கலைஞருக்கும் இது தெரியும். சூரியன் எழுந்தபின் ஒரு மணிநேரத்தையும் அது மறையும் முன் ஒரு மணிநேரத்தையும் அவர்கள் பொன்னான நேரம் என்பார்கள். வெயில் மஞ்சளாக இறங்கும். மதில்களுக்கு உருட்சி வரும். தூண்களின் அடிப்பீடங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து நிற்கும். விலைபோகும் அரண்மனைப் படங்கள் பெரும்பாலும் இந்நேரங்களில் எடுக்கப்பட்டவையே.

எஞ்சி நிற்கும் அடித்தளம்

சனிவார் வாடாவுக்கு முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரி 10ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். அன்று சனிக்கிழமை. அரண்மனையின் பெயரும் அதிலிருந்தே வந்தது. 1732இல் புதுமனை புகுவிழா நடந்தது. சுன்னர்க் காடுகளின் தேக்கு, சிஞ்ச்வட் குவாரிகளின் கல், செஜூரியின் சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்ட இம்மாளிகைக்கு 16,110 ரூபாய் செலவானதாகக் கூறப்படுகிறது. மதில்களும் கொத்தளங்களும் பின்னர்ச் சேர்ந்தன. வடக்கு நோக்கிய பெருவாயிலுக்கு டெல்லி வாயில் என்று பெயர். யானைகள் முட்டித் திறக்காதபடி அதன் கதவுகளில் கூரிய இரும்பு முட்கள் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே தாமரை வடிவில் ஒரு நீரூற்று உண்டு.

1817 நவம்பர் 17ஆம் நாள் இவ்வரண்மனையின் மேல் ஆங்கிலேயர் கொடி ஏறியது. 1818 ஜூனில் இரண்டாம் பாஜிராவ் சரணடைந்தார். பத்தாண்டு கழித்து, 1828 பிப்ரவரி 27ஆம் நாள் பற்றிய தீ ஏழு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். மரத்தாலான மேல்மாடிகள் அழிந்தன. கருங்கல் மதிலும் வாயில்களும் கட்டடங்களின் அடித்தளங்களும் மட்டும் தப்பின.

எனவேதான் சனிவார் வாடா வான்வழி ஒளிப்படத்துக்கு மிகவும் ஏற்றதாகிறது. தரையில் நடந்து பார்ப்பவருக்கு அங்கே முழங்கால் உயரக் கல்மேடைகளும் புல்வெளியுமே தென்படும். எது தர்பார், எது அந்தப்புரம் என்று விளங்காது. நூறு மீட்டர் உயரத்திலிருந்து நோக்கினாலோ அத்தனை அடித்தளங்களும் ஒன்றோடொன்று இணைந்து முழு அரண்மனையின் வரைபடமாகக் கண்ணில் விரியும். மேற்கட்டு முழுவதும் எரிந்துபோனபின் எஞ்சிய அடித்தளத்தையே சுவர்ப் படம் அழகாக்கி நம்முன் வைக்கிறது.

அப்படியானால் அந்த அடித்தளத்தைப் பற்றியும் அந்த நிழலைப் பற்றியும் நம் மக்கள் சொல்லிவைத்தது என்ன என்று கேட்பது நம் கடமை.

ஒன்பது மணிக்கு முன், மூன்று மணிக்குப் பின்

பேஷ்வாக்களின் புனேயில் மகர், மாங் சாதியினர் காலை ஒன்பது மணிக்கு முன்பும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்பும் நகர வாயிலுக்குள் இருக்கக்கூடாது என்று விதி இருந்ததாகச் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே 1932இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். அவர் குறிப்பிடும் காரணம் இதுதான்: அந்நேரங்களில் உடலின் நிழல் மிக நீளமாக விழும். அந்நிழல் பிராமணர் மேல் பட்டால் அவர் தீட்டாவார். குளித்து முடிக்கும் வரை உண்ணவும் நீர் அருந்தவும் அவருக்கு இயலாது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். புனே ஏறத்தாழ 18.5 பாகை வட அட்சரேகையில் உள்ளது. இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளில், சூரியக் கணக்குப்படி காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அங்கே சூரியன் அடிவானிலிருந்து சுமார் 42 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது ஒருவரின் நிழல் அவருடைய உயரத்தைவிடச் சற்றே நீளமாக விழும். அதாவது மனிதரின் நிழல் அவருடைய உயரத்தைத் தாண்டும் நேரத்தில் நகர வாயில் அவருக்கு அடைபட்டது. பகலை நான்கு சாமமாகப் பகுத்தால் முதல் சாமமும் கடைசிச் சாமமும் விலக்கப்பட்டவை. இரவும் விலக்கு. இருபத்துநான்கு மணிநேரத்தில் ஆறு மணிநேரம் மட்டுமே எஞ்சியது. அதுவும் நகரின் கழிவை அள்ளவும் விறகைச் சுமக்கவும் வேண்டிய நேரம் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதோடு முடியவில்லை. லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அங்கே நிகழ்த்த இடம் மறுக்கப்பட்டு, 1936இல் நூலாக வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ உரையில் புரட்சியாளர் அம்பேத்கர் பேஷ்வாக்களின் புனேயை விவரிக்கிறார். தீண்டப்படாதவர் தாம் நடந்த தடத்தைத் தாமே பெருக்கி அழிப்பதற்காக இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும். எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் தொங்கவிட வேண்டும். துடைப்பம் தடத்தை அழித்தது. கலயம் எச்சிலை ஏந்தியது. நிழலைப் பெருக்கவும் முடியாது, கலயத்தில் ஏந்தவும் முடியாது. ஆகவே நிழல் நீளும் நேரத்தில் மனிதரையே வெளியேற்றினார்கள்.

இப்போது சுவரிலுள்ள படத்துக்குத் திரும்புவோம். அதன் மதில்கள் ஓரம் நீண்டு கிடக்கும் நிழல், எந்தக் காலைவேளையைச் சேர்ந்ததோ அந்தக் காலைவேளை நம் முன்னோருக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. அரண்மனைக்கு அழகைக் கொடுக்கும் பொன்னொளியில் அவர்கள் அந்நகரைக் கண்டதே இல்லை. அரண்மனையின் நிழல் எவ்வளவு நீண்டாலும் அது கலை. மனிதரின் நிழல் நீண்டால் அது தீட்டு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அந்தப் படத்தை விளக்க முடியாது.

முக்தாபாய் எழுதியது

அடித்தளத்தைப் பற்றிச் சொன்னவர் ஒரு பள்ளிச் சிறுமி. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் நடத்திய பள்ளியில் பயின்ற முக்தாபாய் சால்வே மாங் சாதியில் பிறந்தவர். பதினான்கு வயதில் அவர் மகர், மாங் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரையை ‘ஞானோதயா’ இதழ் 1855இல் வெளியிட்டது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணொருவரின் எழுத்தாக நவீன இந்தியாவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களுள் இது ஒன்று.

பாஜிராவ் ஆட்சியில் உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் கடந்துபோன மாங், மகர்களின் தலையை வெட்டி, வாளை மட்டையாகவும் தலையைப் பந்தாகவும் கொண்டு ஆடினார்கள் என்று முக்தாபாய் எழுதுகிறார். எங்கள் நிலத்திலிருந்து எங்களைத் துரத்திவிட்டு அங்கே பெரும் மாளிகைகளைக் கட்டிக்கொண்டீர்கள் என்று அவர் மேல்சாதியினரை நோக்கிக் குற்றம் சாட்டுகிறார். செந்தூரம் கலந்த எண்ணெயைக் குடிக்கவைத்து, எங்கள் மக்களை அம்மாளிகைகளின் அடித்தளங்களில் புதைத்தீர்கள் என்றும் அவர் சொல்கிறார்.

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். முக்தாபாய் அந்த இடத்தில் சனிவார் வாடாவைப் பெயர் குறிப்பிடவில்லை. எனவே இந்த அரண்மனையின் கற்களுக்கு அடியில் இன்னார் கிடக்கிறார் என்று நாம் எழுதமாட்டோம். அவர் சொல்வது பேஷ்வாக் காலத்து மாளிகைகளைப் பற்றிய பொதுவான சாட்சியம். ஆனால் அந்தச் சாட்சியத்தின் காலத்தைக் கவனியுங்கள். பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்தது. கட்டுரை 1855இல் வெளியானது. இடைவெளி 37 ஆண்டு. அவருடைய பாட்டன் பாட்டிமார் தலைமுறை அந்த ஆட்சியில் வாழ்ந்த தலைமுறை. வீட்டில் கேட்டு வளர்ந்த செய்தியையே அந்தச் சிறுமி எழுதினார்.

இத்தகைய செய்திகளுக்கு அரண்மனை ஆவணம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். எழுதும் கல்வியே மறுக்கப்பட்ட மக்களிடம் எழுத்து ஆவணம் கேட்பது எவ்வளவு நேர்மையானது என்று நாம் திருப்பிக் கேட்கலாம். சுவர்ப் படத்தை வாங்குவோருக்கு அரண்மனையின் பழங்கதைகள் பல தாராளமாகக் கிடைக்கின்றன. 1773 ஆகஸ்ட் 30ஆம் நாள் இங்கே கொல்லப்பட்ட இளம் பேஷ்வா நாராயணராவின் ஆவி இரவில் அபயக்குரல் எழுப்புகிறது என்ற கதைக்கு எவரும் ஆவணம் கேட்பதில்லை. பேய்க்கதைக்குக் கிடைக்கும் செவி முக்தாபாயின் எழுத்துக்குக் கிடைக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

சட்டகத்துக்கு வெளியே

எந்தப் படத்துக்கும் நான்கு ஓரங்கள் உண்டு. எதை உள்ளே வைப்பது என்று தீர்மானிப்பவர் எதை வெளியே விடுவது என்றும் தீர்மானிக்கிறார். சனிவார் வாடாவின் படம் வழக்கமாக மதிலோடு முடிந்துவிடும். அதைச் சற்றே விரித்தால் என்னென்ன தெரியும்?

அரண்மனையிலிருந்து சில நிமிடம் நடந்தால் பிடே வாடா இருந்த இடம் வரும். 1848இல் புலே இணையர் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய வீடு அது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அக்கட்டடம், நினைவகம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது. அரண்மனையின் அடித்தளங்கள் புல்வெளியோடும் காவலோடும் பாதுகாக்கப்பட்ட அதே நூறாண்டில் இந்தியப் பெண்கல்வியின் முதன்மையான இடங்களுள் ஒன்று பாழடைந்து கிடந்தது. இன்னும் தெற்கே போனால் புலே வாழ்ந்த வீடு. 1868இல் அவர் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டார். வானிலிருந்து பார்த்தால் ஒரு சிறு வட்டமாகவே தெரியக்கூடிய அந்தத் தொட்டி நம் வரலாற்றில் எந்த அரண்மனைக்கும் குறைந்ததில்லை.

படத்தை வடகிழக்கே இன்னும் முப்பது கிலோமீட்டர் விரித்தால் பீமா கோரேகான். 1818 ஜனவரி 1ஆம் நாள் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் பெருமளவில் இருந்தார்கள். அங்குள்ள வெற்றித்தூணில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களில் 22 மகர்களுடையவை. கம்பெனி அரசு சாதியை ஒழிக்க வந்ததில்லை. பின்னாளில் அதே அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. ஆயினும் இடுப்பில் துடைப்பம் கட்டச்சொன்ன ஆட்சியின் எதிரே ஆயுதம் தாங்கி நின்றதை நம் மக்கள் நினைவில் வைத்தார்கள். 1927 ஜனவரி 1ஆம் நாள் அம்பேத்கர் அங்கே சென்றார். அன்றுமுதல் அந்த நாள் மக்கள் திரளும் நாளாக வளர்ந்தது.

அப்போரின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, 2017 டிசம்பர் 31ஆம் நாள், இதே சனிவார் வாடாவின் திடலில் எல்கர் பரிஷத் கூடியது. நிழல் நீளும் மாலையில் நம் மக்கள் இருக்கக்கூடாது என்றிருந்த இடத்தில், மாலை கடந்தும் அவர்கள் பாடினார்கள், பேசினார்கள். மறுநாள் பீமா கோரேகானுக்குச் சென்ற மக்கள்மேல் தாக்குதல் நடந்தது. அதன்பின் 2018 ஜூன் முதல் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களுமாக 16 பேர் கைது செய்யப்பட்டு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறையில் வைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்து சார்க்கண்டின் ஆதிவாசி மக்களுக்காக வாழ்ந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி. விசாரணைக் கைதியாகவே, பிணை கிடைக்காமல், 84ஆம் வயதில் 2021 ஜூலை 5ஆம் நாள் மறைந்தார்.

தீட்டு பற்றிய சிந்தனையும் அந்த வளாகத்தை விட்டுப் போய்விடவில்லை. 2025 அக்டோபரில் முஸ்லிம் பெண்கள் சிலர் அங்கே தொழுத காணொளி பரவியபின், அவர்கள் தொழுத இடத்தில் கோமியம் தெளித்துத் ‘தூய்மை’ செய்யும் சடங்கு நடத்தப்பட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள, அனைவருக்கும் பொதுவான ஒரு நினைவுச்சின்னத்தில் இது நடந்தது. பேஷ்வாக்களின் நிழல் விதி எந்த மனநிலையிலிருந்து பிறந்ததோ அந்த மனநிலையைத் தேடி நாம் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை.

படத்தை வாசிப்பது எப்படி

அரண்மனைப் படங்களை மாட்டாதீர்கள் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. அக்கற்களை வெட்டியவர்களும் சுமந்தவர்களும் உழைக்கும் மக்களே. கட்டடக்கலையின் அழகு அவர்களுடைய கைகளிலிருந்தும் பிறந்தது. அதை ரசிக்கும் உரிமை வேறெவரையும்விட நமக்கு அதிகம் உண்டு. ஆனால் ரசிப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். கல்லூரியில் ஊடகவியலும் வரலாறும் கட்டடக்கலையும் பயிலும் தோழர்களுக்கு இது ஒரு பயிற்சியாகவும் அமையும்.

முதற் கேள்வி நேரம் பற்றியது. படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம் என்று பாருங்கள். திசை தெரிந்தால் காலையா மாலையா என்று சொல்லிவிடலாம். பிறகு, அந்த வேளையில் அந்த இடத்தில் நிற்க எவருக்கு உரிமை இருந்தது, எவருக்கு இல்லை என்று தேடுங்கள். புனேக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை இது. இந்தியாவின் எந்தக் கோட்டைக்கும் தேருக்கும் அக்கிரகாரத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவது, உயரம் பற்றியது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், பச்சை மண்டலம் என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் உயரம் வரை பறக்க இடமளிக்கின்றன. மற்ற இடங்களிலும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களிலும் தனி அனுமதி தேவை. 120 மீட்டரிலிருந்து வழக்கமான அகலக்கோண வில்லையில் எடுத்த படம் ஏறத்தாழ 180 மீட்டர் அகல நிலத்தைக் காட்டும். அதை ஐந்தடி அகலத்தில் அச்சிட்டால் ஒரு மனிதரின் தோளகலம் நான்கு மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். முகமில்லை, ஆடையில்லை, கையில் துடைப்பமா புத்தகமா என்று தெரிவதில்லை. மனிதர் புள்ளியாகும் உயரத்தில் சாதியும் கண்ணுக்குத் தெரியாது. அப்படங்கள் அரசியலற்றவை என்ற எண்ணம் தோன்றுவதற்கு இந்த உயரமே முக்கியமான காரணம்.

மூன்றாவது, ஓரங்கள் பற்றியது. மதிலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நிலப்படத்தில் பாருங்கள். சேரி எங்கே இருந்தது, குளம் எங்கே, சுடுகாடு எங்கே, இவற்றை எந்த வழி இணைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘ஊர்’ என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திய சொல்லாக இருந்ததை அறிந்த நமக்கு, படத்தின் ஓரம் எங்கே வெட்டப்படுகிறது என்பது புதிராக இருக்காது.

நான்காவது, விளக்கக்குறிப்பு பற்றியது. ‘சனிவார் வாடா, புனே, 1732’ என்று மட்டும் எழுதிய படத்துக்கும், ‘காலை ஒன்பது மணிக்கு முன் மகர், மாங் மக்களுக்கு விலக்கப்பட்டிருந்த நகரம்’ என்ற ஒரு வரி சேர்ந்த படத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். ஒளியும் கோணமும் ஒன்றுதான். பார்ப்பவர் நின்று பார்க்கும் நேரம் மட்டும் கூடும். அருங்காட்சியகங்களிலும் பொது அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மாட்டப்படும் இத்தகைய படங்களுக்கு அப்படி ஒரு வரியைக் கோருவது நியாயமான கோரிக்கை. அதற்குச் செலவில்லை; துணிவு மட்டும் தேவை.

இறுதியாக ஒன்று. மேலே கூறிய ஐந்தடிப் படத்தில், சூரியன் 15 பாகை உயரத்தில் இருக்கும் அதிகாலையில், அரண்மனைப் புல்வெளியில் ஒருவர் நடந்து போவதாகக் கொள்வோம். அவருடைய உயரம் 165 சென்டிமீட்டர் என்றால் அவருடைய நிழல் ஆறு மீட்டருக்கு மேல் நீளும். நான்கு மில்லிமீட்டர்ப் புள்ளியாக இருக்கும் அந்த மனிதருக்கு அச்சில் ஐந்து சென்டிமீட்டர் நிழல் இருக்கும். அவரை நாம் கண்டுபிடிப்பதே அந்த நிழலைக் கொண்டுதான். எதற்காக நம் முன்னோர் அந்நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார்களோ அதுவே இன்று ஒரு மனிதர் அங்கே இருக்கிறார் என்பதற்குச் சான்றாகிறது.

அடுத்தமுறை எங்கேனும் ஒரு சுவரில் அத்தகைய படத்தைக் கண்டால் அருகே சென்று பாருங்கள். மதில்களின் நிழல்களுக்கு இடையே மனித நிழல் ஏதேனும் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அது அங்கே விழுவதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை உடன் நிற்பவருக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.